பச்சைப் பட்டை: குளத்து நாட்குறிப்பு

நவம்பர் 30, 2024, சனி
மூடாக்கு. குளத்துக்குப் போகவில்லை. தோள் விண் விண்ணென்று தெறிக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு
வந்துவிட்டன. பதினொன்று. ரெண்டு தரம் எண்ணினேன், பதினொன்றேதான். வரித்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வந்த உசுரு, திருப்பூர் நஞ்சராயன் குளத்துத் திட்டில் ஒன்றுமே நடக்காத மாதிரி இறகு கோதிக்கொண்டு நிற்கிறது.

ஒன்றின் கழுத்தில் பச்சைப் பட்டை. பட்டையில் எழுத்து.

ஜூமை முழுக்க இழுத்து 38 படம் எடுத்தேன். எதிலும் படிக்க முடியவில்லை.

டிசம்பர் 2, திங்கள்
ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் கம்ப்யூட்டரில் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன். முதல் எழுத்து இங்கிலீஷ் சி, இல்லையென்றால் ஜி. ஓ என்றும் சொல்லலாம். பெருக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது, அவ்வளவுதான். இந்த வாத்துகளுக்கு மங்கோலியாவில் பச்சைப் பட்டை போடுகிறார்கள். கர்நாடகத்து ஏரிகளில் அப்படி வந்தவற்றைப் பார்த்திருக்கிறார்கள். எழுத்தைப் படித்துச் சொன்னால்தான் அது எந்த வாத்து, எங்கே பட்டை போட்டது என்பது தெரியும். இல்லையென்றால் அது வெறும் பச்சை.

ஷிப்மெண்ட் நாளன்னைக்கு. செக்கிங்கில் ஒரு பீஸ் கூட மனசில் நிற்கவில்லை.

டிசம்பர் 4, புதன்
கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுதி வைத்தால்தான் தூக்கம் வரும்.

என்னிடம் இருப்பது கேனன் எஸ்எக்ஸ்50. 2012-ல் வந்த மாடல். ஜூம் 1200 மி.மீ. வரைக்கும் போகும், 12 மெகாபிக்சல். வாங்கலாமா என்று நினைப்பது நிக்கான் பி950, 2020-ல் வந்தது. 2000 மி.மீ., 16 மெகாபிக்சல். சென்சார் ரெண்டிலும் ஒரே அளவு, சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. கடைசி வரைக்கும் ஜூம் இழுத்தால் ரெண்டிலும் லென்ஸ் துவாரம் எஃப் 6.5-தான். ஆகவே சென்சாரில் விழும் வெளிச்சம் ஒரு துளி கூட அதிகமாக வரப்போவதில்லை. ஆனால் தூரத்துக்கு 1.67 மடங்கு, பிக்சலுக்கு, ஒரு பக்கமாக எண்ணினால், 1.15 மடங்கு. ரெண்டையும் பெருக்கினால் 1.9. என் படத்தில் எட்டுப் புள்ளி உயரம் இருக்கிற எழுத்து, அதில் பதினைந்து புள்ளி இருக்கும்.

எட்டுப் புள்ளியில் சி-யும் ஜி-யும் ஒன்று. பதினைந்தில் பிரிந்துவிடும்.

டிசம்பர் 5, வியாழன்
எடை. பழையது 595 கிராம். பி950 ஒரு கிலோவும் அஞ்சு கிராமும். வலது தோள்.

டிசம்பர் 8, ஞாயிறு
ஒன்பது மட்டும் இருந்தன. பட்டைக்காரன் இல்லை. விடியற்காலை ஏழு மணிக்கு மேல் போனதே தப்பு, தண்ணீர் மேல் கானல் ஆட ஆரம்பித்துவிட்டது. எந்தக் கேமராவானாலும் கானலை ஒன்றும் செய்ய முடியாது. புள்ளி மூக்கு வாத்து கூட நெளிந்துதான் தெரிந்தது.

போன வருஷம் வண்டி டேங்கில் இடித்ததிலிருந்து லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்று ஒரு சத்தம். இன்றைக்கு பாதியில் நின்று, அணைத்துப் போட்ட பிறகுதான் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டிசம்பர் 11, புதன்
பிசியோவில் அந்தத் தம்பி கையைப் பிடித்து மேலே கொண்டுபோனபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தோளுக்கு மேல கனம் தூக்கவே கூடாதுங் சார், ஆறு மாசத்துக்கு." கேமரா கனமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுவிடுவான்.

கேனனிலேயே இன்னொன்று, எஸ்எக்ஸ்70, வெறும் 610 கிராம். 1365 மி.மீ., 20 மெகாபிக்சல். தோளுக்கு அதுதான் சரி. ஆனால் அதே கணக்கைப் போட்டால் ஒன்றரை மடங்கு கூட வரவில்லை. எழுத்து பன்னிரண்டு புள்ளி தாண்டாது. பன்னிரண்டு போதுமா? போதாதா? பழைய படத்தை வைத்துக்கொண்டு பென்சிலில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டில் சந்தேகம் வருகிறது.

டிசம்பர் 12, வியாழன்
இவளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏனுங்க, அந்த வாத்து அடுத்த வருசமும் இங்கியேதான் வருமுங்களா?" என்றாள்.

வராமலும் போகலாம் என்றேன்.

"அப்பப் போயி வாங்குங்க."

டிசம்பர் 15, ஞாயிறு
கோயம்புத்தூர். பி950-தான். ஒருத்தர் ரெண்டு வருஷம் வைத்திருந்தது, ஐம்பத்திரண்டாயிரம். ஜூமை இழுத்து, அணைத்து, இழுத்து, இருபது தரம் பார்த்தேன். வ்யூஃபைண்டருக்குள் கண்ணை வைத்ததும் நெஞ்சு அடைத்தது. பழையதில் அந்தக் குழிக்குள் ரெண்டு லட்சம் புள்ளி, இதில் இருபத்து மூணு லட்சத்துக்கு மேல். பத்து வருஷமாகத் தெருப்புழுதி வழியாக உலகத்தைப் பார்த்திருக்கிறேன்.

பழையதுக்கு மூவாயிரம் தருவோம் என்றார்கள். பையிலிருந்து எடுக்கவே இல்லை.

டிசம்பர் 16, திங்கள்
ஒரு கையில் தூக்கிப் பார்த்தேன். தப்பு.

டிசம்பர் 20, வெள்ளி
வேஸ்ட் துணியில் இவள் பை ஒன்று தைத்துவிட்டாள். ஓவர்லாக் போட்டு, ரெட்டைத் தையல். உள்ளே ரெண்டு கிலோ கொள்ளு. கரைச் சுவரில் பையை வைத்து அதன்மேல் கேமராவை வைத்தால் தோளுக்கு வேலையே இல்லை. 2000 மி.மீ.யில் மூச்சு விட்டால் கூட ஆடும், கொள்ளுக்குள் புதைந்தால் ஆடாது. மழைக்கு நனைந்தால் முளைத்துவிடும் என்று ரெண்டாவதாக ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டிருக்கிறாள். இந்த அக்கறையை நான் எங்கே வைப்பது.

டிசம்பர் 22, ஞாயிறு
எட்டு. எல்லாம் தலையை இறகுக்குள் சொருகித் தூக்கம். ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். மெனு எல்லாம் கைக்குப் புதுசு, பழைய பழக்கத்தில் விரல் இல்லாத பட்டனைத் தேடுகிறது. எஸ்எக்ஸ்50-ல் ஒரு பட்டனை அமுக்கினால் ஜூம் பின்வாங்கி, தப்பிய பறவையைக் கண்டுபிடித்ததும் விட்டால் திரும்பப் பாயும். இதிலும் அதே வேலைக்கு ஒரு பட்டன் இருக்கிறது. லென்ஸ் பக்கவாட்டில். கட்டை விரலுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒரு கூழைக்கடா, கண்ணின் வெள்ளை வரைக்கும். அழுதுவிட்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி
பேட்டரி 290 படம் என்று போட்டிருக்கிறான். குளிரில் அதுவும் இல்லை. இன்னொன்று வாங்கினேன்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு
பட்டைக்காரன் இருக்கிறான்! ஆறே கால், பனி. ஃபோகஸ் கோரைப்புல்லிலேயே போய் ஒட்டிக்கொண்டது. கையால் திருப்பிப் பிடிப்பதற்குள் கூட்டத்துக்குள் போய்விட்டான். பச்சை மட்டும் தெரிந்தது.

ஜனவரி 13, திங்கள்
காப்புக்கட்டு. பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும் கட்டி வாசலில் சொருகினேன், இடது கையால். பழைய கேமராவைத் தம்பி பையனிடம் கொடுத்தேன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறான். லென்ஸ் கரகரக்கும், அடிக்காதே, அணைத்துப் போடு என்று மூன்று தரம் சொன்னேன். "செரிங் பெரீப்பா, செரிங் பெரீப்பா" என்றான். அவன் போன பிறகு பை வெறுமையாக இருந்தது, வெறும் 595 கிராம்.

ஜனவரி 14, செவ்வாய்
பொங்கல். நாமக்கோழி 140, ஊசிவால் வாத்து 22, தாழைக்கோழி எண்ண முடியவில்லை. பையன் விராலடிப்பானைப் படமெடுத்துவிட்டான், பழையதில். மீன் காலில் தொங்குகிறது. படு கூர்மை.

வரித்தலை ஒன்றுமில்லை.

ஜனவரி 16, வியாழன்
பூப்பறிக்கும் நோன்பு. பெண்பிள்ளைகள் எல்லாம் கூடை எடுத்துப் போய்விட்டார்கள், வீடு அமைதி. நான் சாயங்காலம் நாலரைக்குக் கரையில் போய்க் கொள்ளுப் பையைப் போட்டேன்.

நின்றான். பக்கவாட்டில், வெயில் பின்னாலிருந்து, இருபது விநாடி.

ஜி. ஜி-தான். சி இல்லை. அதுக்கு அடுத்தது எண், 4. மூன்றாவது கழுத்து வளைவில் மறைந்துவிட்டது. அதில் ஒரு நேர்கோடு மட்டும் தெரிகிறது. 1 ஆக இருக்கலாம், 7-ன் கால் ஆக இருக்கலாம்.

ஜனவரி 17, வெள்ளி
1 என்று தோன்றுகிறது. 7 என்று தோன்றுகிறது.

ஜனவரி 18, சனி
பேட்டரி ரெண்டும் நிறைந்திருக்கிறது. நாளை அஞ்சே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். பையனும் வருகிறான், அவன் அந்தப் பக்கக் கரை, நான் இந்தப் பக்கம்.