விடியும் வரை உள்ளே போகக் கூடாது

அக்கா மகனைப் பார்க்கத்தான் போன நவம்பரில் கிளவுஸ்தால் போனேன். ஜெர்மனியின் நடுவே ஹார்ஸ் மலைமேல் இருக்கிற சின்ன ஊர். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கம், இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அவன் இருப்பது ஒற்றை அறை. அதனால் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை எனக்குப் பிடித்து வைத்திருந்தான். வீட்டுக்காரம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது, வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடவே ஒரு நாய். செம்பழுப்பு நிறம், தொங்கும் காது, எந்நேரமும் எதையோ நினைத்துக் கவலைப்படுவது போலச் சுருங்கிய நெற்றி.

பிராக்கன் சிகரம், அதன் உச்சி வரை போகும் நீராவி ரயில், கோஸ்லார் நகரத்து மரவீடுகள் எல்லாம் பார்த்தேன். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். அங்கே கழிந்த ஒரு சனி இரவையும் ஞாயிறு காலையையும் முதலில் எழுதிவிட வேண்டும்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா எங்கள் இருவரையும் மேலே டீக்குக் கூப்பிட்டிருந்தார். தொலைபேசி அடித்தது. எடுத்து, அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் வரிசையாகச் சில கேள்விகள். அக்கா மகன் எனக்கு மெதுவாகச் சொன்னான்: “யாரோ ஒரு பையன் மானைச் சுட்டிருக்கான் சித்தி. சரியாப் படலையாம். மான் ஓடிருச்சு. அப்படி ஓடினதை நாயோட போய்த் தேடிக் கண்டுபிடிக்கிறது இவங்கதான்.”

அவர் கேட்டதெல்லாம் இவைதான். குண்டு பட்டதும் மான் எப்படி அசைந்தது? துள்ளியதா, முதுகை வளைத்ததா? எந்தப் பக்கம் போனது? நின்ற இடத்தில் அடையாளம் வைத்தாயா? கடைசியாக ஒன்றை மட்டும் இரண்டு தடவை கேட்டார்: “பின்னாலேயே போகவில்லையே?” போகவில்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. “நல்லது. வீட்டுக்குப் போ. விடியும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிருக்குப் போராடும் விலங்கை ராத்திரி முழுக்கக் காட்டில் விட்டுவைப்பதா? கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். மான் முதுகை வளைத்துக்கொண்டு மெதுவாகப் போனது என்றால் குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது. வயிற்றில் பட்ட மானை யாரும் துரத்தாவிட்டால் சில நூறு மீட்டரில் படுத்துவிடும். படுத்தால் உடம்பு விறைக்கும், அதோடு எழ மனம் வராது. இப்போது டார்ச் எடுத்துக்கொண்டு நாம் போனால் பயத்தில் எழுந்து ஓடும். இரண்டு பள்ளத்தாக்கு தாண்டியும் போகும். பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் மூன்று நாள், நான்கு நாள் கிடந்து சாகும். பகல் வெளிச்சம் இருந்தாலும் மூன்று நான்கு மணி நேரமாவது காத்திருந்துதான் போவார்களாம். இது இருட்டும் நேரம் என்பதால் விடியட்டும் என்கிறார்.

“சட்டம் என்ன சொல்கிறது?” என்று கேட்டேன். ஜெர்மனியின் வேட்டைச் சட்டத்தில் 22அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. காயம்பட்ட விலங்கைத் தவிர்க்கக்கூடிய வலியிலிருந்து காக்க, தாமதமின்றி அதை வீழ்த்த வேண்டும் என்கிறது. “தாமதமின்றி என்று எழுதியிருக்கிறது, அவசர அவசரமாக என்று எழுதவில்லை” என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பத்து மணிக்கு மேல் தூறல் போட்டது. ஜன்னலில் விழும் ஒவ்வொரு சொட்டும் அந்த மான்மேல் விழுவது போல இருந்தது. மாடியில் அவரும் நடந்துகொண்டிருந்தார், மரத்தரை முனகுவது கேட்டது.

எனக்கு மசினகுடி சாலை ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் வண்டி மோதி இடுப்பு ஒடிந்த புள்ளிமான் ஒன்று ஓரத்தில் கிடந்தது. சுற்றிலும் முப்பது பேர். ஒருவர் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் தலையைத் தடவினார், மீதிப் பேர் போனில் படம் பிடித்தார்கள். எல்லோருக்கும் இரக்கம்தான், நானும் அவர்களில் ஒருத்தி. மானுக்கு நாங்கள் முப்பது புலிகள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி, பிழைக்கவே வழியில்லாத விலங்கைக் கருணையோடு முடிப்பதற்கும் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அதிகாரியின் அனுமதி வேண்டும். அது சரிதான், வேட்டை தடைசெய்யப்பட்ட நாட்டில் அந்தக் கதவை எல்லோருக்கும் திறந்துவிட முடியாது. ஆனால் கூட்டத்தை விலக்கி, கண்ணை ஒரு துணியால் மூடி, அமைதியாக விட்டிருக்கலாம். அதைச் செய்ய எந்த அனுமதியும் வேண்டியதில்லை.

காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். கூட ஒரு ஆள் மட்டும் வரலாம் என்றார். “நீங்க போங்க சித்தி” என்றான் அக்கா மகன். வீட்டுக்காரம்மாவுக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும் என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றை எனக்கு மாட்டிவிட்டு, “எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்” என்று மட்டும் சொன்னார்.

ஊரைத் தாண்டியதும் காடு. காடு என்று பச்சையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 2018 வறட்சிக்குப் பிறகு பட்டைவண்டு பெருகி ஹார்ஸ் மலையின் ஸ்ப்ரூஸ் மரங்கள் மலைமலையாகச் செத்துப்போயின. சாம்பல் நிறக் கம்பங்களாக நிற்கின்றன, பாதி விழுந்து கிடக்கின்றன. நடுவே இளம் பிர்ச்சும் ரோவனும் முளைத்து வருகின்றன. செம்மான்கள் அந்தக் கன்றுகளை மேயும், பட்டையை உரிக்கும். ஓநாய் இந்த மலையில் எப்போதோ அழிக்கப்பட்டது, இப்போதுதான் ஒன்றிரண்டாகத் திரும்பி வருகிறது. லிங்க்ஸ் பூனையை 2000ஆம் ஆண்டிலிருந்து திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் பிடிப்பது சின்ன மான்களைத்தான். அதனால் செம்மான் எண்ணிக்கையைக் குறைக்க இங்கே வேட்டையைத்தான் நம்பியிருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டால் இப்படிப்பட்ட காலைகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

சுட்ட பையன் பரண் அடியில் காத்திருந்தான். இருபத்து மூன்று வயதிருக்கும். வேட்டை உரிமத்துக்கு எழுத்து, செய்முறை, துப்பாக்கி என்று கடினமான பரீட்சை எழுத வேண்டும். ‘பச்சைப் பள்ளியிறுதி’ என்றே அதற்குப் பட்டப்பெயர். அதைத் தேறி ஒரு வருடம்தான் ஆகிறதாம். கண் சிவந்திருந்தது. விசையை அழுத்திய நொடியில் மான் ஓரடி முன்னால் வைத்துவிட்டது என்றான். வீட்டுக்காரம்மா அவன் தோளில் கை வைத்து, “கூப்பிட்டாய், உள்ளே போகாமல் இருந்தாய். இரண்டும் சரி” என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்த எனக்கு அது புதிதாக இருந்தது. மறைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு, அவர்களால்தான் விலங்குகள் தனியாகச் சாகின்றன என்று பிறகு சொன்னார்.

மான் நின்ற இடத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் கிளையை நட்டிருந்தான். அவர் முழங்காலிட்டு, முகம் தரையைத் தொடுமளவு குனிந்து தேடினார். முதலில் கிடைத்தது முடி. குண்டு கத்தரித்த முடி கொத்தாகக் கிடக்கும், அதன் நீளமும் நிறமும் உடம்பில் எந்த இடம் என்று சொல்லிவிடும். இது வெளிறிய முடி, கீழ் வயிற்றுப் பக்கம். பிறகு காய்ந்த இலையொன்றில் மிளகளவு ஒரு கருஞ்சிவப்புத் துளி, அதில் பச்சையாக ஏதோ பொடி. தொட்டு மோந்து பார்த்தார். எனக்கும் காட்டினார். புளித்த புல் வாசனை. நுரையீரல் என்றால் வெளிர்சிவப்பாக நுரை கட்டியிருக்கும், ஈரல் என்றால் கரும்பழுப்பு, இது வயிறு. இவர்கள் பேச்சில் அந்தத் துளியின் பெயர் ரத்தம் இல்லை. ‘ஷ்வைஸ்’, அதாவது வேர்வை. நாயின் இனத்துக்கும் அதே பெயர்தான், ஹனோவர் ஷ்வைஸ்ஹுண்ட். காயம்பட்ட விலங்கைத் தேடுவதற்கென்றே வளர்த்த இனம். அதைக் காக்கும் சங்கம் 1894இல் தொடங்கியது.

நாய்க்கு அகலமான தோல் கழுத்துப்பட்டையை மாட்டி, பத்து மீட்டர் நீள வாரைக் கோத்தார். அதுவரை வாலாட்டிக்கொண்டிருந்த நாய் அந்தப் பட்டை விழுந்ததும் வேறு ஆளாகிவிட்டது. துளியை நிதானமாக மோந்தது. மூக்கைத் தரையில் பதித்து, நாங்கள் எதிர்பாராத ஒரு பக்கமாகத் திரும்பி இழுத்தது.

நூறு மீட்டருக்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட இல்லை. வயிற்றுக் காயத்தைக் குடலும் கொழுப்பும் உள்ளிருந்தே அடைத்துவிடும், அதனால் ரத்தம் வெளியே வராது என்றார். நாய் போவது ரத்தத்தின் மேல் மட்டும் இல்லை. குளம்புகள் தரையில் விட்டுப்போன வாசனை, அதுவும் இந்த ஒரு மானின் வாசனை. ராத்திரித் தூறலுக்குப் பிறகும் அது அங்கே இருந்தது.

விழுந்த மரங்களுக்கு அடியில் தவழ்ந்தும் மேலே ஏறியும் போனோம். ஓரிடத்தில் பாசி அழுந்தியிருந்தது, நடுவே ஒரு கறை. மான் படுத்த இடம். அங்கே இல்லை. அடுத்து பழைய சுரங்கக் கால்வாய் ஒன்று குறுக்கே வந்தது. சுரங்கச் சக்கரங்களைச் சுற்ற நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய கால்வாய்களும் குளங்களும் இந்த மலை முழுக்க இருக்கின்றன, 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. தண்ணீரருகே நாய் தடுமாறியது. இங்கும் அங்கும் மோந்தது. பையனின் மூச்சு எனக்குக் கேட்டது. வீட்டுக்காரம்மா எதுவும் பேசாமல் நாயை, மான் படுத்திருந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் மறுபடி ஆரம்பித்தார். இரண்டாம் தடவை நாய் கரையோரமாக முப்பது மீட்டர் நடந்து, பிறகுதான் தாண்டியது. மான் அப்படித்தான் நடந்திருக்கிறது.

நம் அகப்பாடல்களில் ‘கெடுதி வினாதல்’ என்று ஒரு துறை உண்டு. என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று தினைப்புனத்துப் பெண்ணிடம் தலைவன் வந்து கேட்பான். கேட்பது அவளோடு பேச ஒரு சாக்கு. பள்ளியில் படித்தபோது ரசித்த அந்தக் கேள்வி, கால்வாய்க்கரையில் நின்றபோது வேறு மாதிரி கேட்டது. அந்த மான் என்ன ஆயிற்று என்று அன்று வகுப்பில் நான் யோசித்ததில்லை.

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் நாய் நின்றது. தலையைத் தூக்கி, காற்றை இழுத்து, அசையாமல் நின்றது. வீட்டுக்காரம்மா கையை உயர்த்தினார். இருபது அடி தள்ளி, வேரோடு சாய்ந்த மரத்தின் மறைவில் மான் படுத்திருந்தது. ஒரு வயதைத் தாண்டிய பெண்மான். தலை நிமிர்ந்திருந்தது. காது எங்கள் பக்கம் திரும்பியது. எழ முயலவில்லை.

வாரைப் பையனிடம் கொடுத்தார். நாயைப் படுக்கச் சொன்னார், அது படுத்தது. அவர் வளைந்து, மிக மெதுவாக, பின்னால் மண்மேடு இருக்கும் பக்கமாகப் போனார். பாறையில் பட்டுக் குண்டு திரும்பக் கூடாது. கத்தியால் முடிக்கும் பழைய வழக்கமும் உண்டு, அவர் அதைச் செய்வதில்லை. மனிதக் கை மேலே விழுவதுதான் மானுக்குக் கடைசிப் பயங்கரம் என்பார். சில நொடிகள் துப்பாக்கியைத் தூக்கியபடி காத்திருந்தார், மான் தலையைக் கொஞ்சம் திருப்பும் வரை. ஒரே சத்தம். தலை அப்படியே பாசியில் சாய்ந்தது.

உடனே யாரும் நகரவில்லை. ஐந்து நிமிடமாவது நின்றிருப்போம். பிறகு முதுகுப் பக்கமாகப் போய், ஒரு குச்சியின் நுனியால் விழியைத் தொட்டார். இமை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்தார். முதல் குண்டு பட்டுப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது.

மானை வலப்பக்கமாகக் கிடத்தினார்கள். ஒரு சின்ன ஸ்ப்ரூஸ் கிளையை அதன் வாயில் வைத்தார். கடைசிக் கவளம் என்று பெயர். வாய்க்கரிசி போட்டுப் பழகிய எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு கிளையைக் காயத்தில் தொட்டுப் பையனிடம் நீட்டினார். அவன் வாங்கத் தயங்கினான். “எனக்குத் தகுதியில்லை” என்றான். “இது பரிசு இல்லை” என்றார். வாங்கிக்கொண்டு, அதில் பாதியை ஒடித்து, வழக்கப்படி நாயின் கழுத்துப்பட்டையில் செருகினான். செருகும்போது கை நடுங்கியது.

இறைச்சி உணவுக்கு ஆகாது. வயிறு கிழிந்து ஓர் இரவு கடந்துவிட்டதே. அறுபது கிலோ இருக்கும், அத்தனையும் வீண். அதைக் கேட்டபோதுதான் அந்தப் பையன் அழுதான்.

வீட்டுக்கு வந்ததும் நாயின் பாதங்களை வெந்நீரில் கழுவி, விரலிடுக்கில் இருந்த ஒரு முள்ளை எடுத்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து கனமான நோட்டு ஒன்றை எடுத்து எழுதினார். தேதி, சுட்ட நேரம், காயம், தூரம் 1,200 மீட்டர், கிடைத்தது. பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். பெரும்பாலான வரிகளின் முடிவில் அதே சொல்தான். நடுநடுவே சில வரிகளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, அது எந்தப் பள்ளத்தாக்கு, எந்த ஓடையில் வாசனை அறுந்தது, அன்று என்ன மழை என்று சொல்லிக்கொண்டே வந்தார். கிடைத்தவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.