வேங்கையைச் சிராய் இல்லாமல் இழைத்தாயிற்று

ஜன்னல் நிலைக்கு எடுத்த வேங்கைக் கட்டை ஒருவழியாகக் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. மணல் தாள் படவே இல்லை, இழைப்புளி மட்டும்தான்.

வேங்கையின் குணம் தெரிந்ததுதானே. நார் ஓர் அடுக்கில் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கில் வலப்பக்கம் சாயும். ஒரு பட்டை வழவழவென்று வரும், ஒட்டியிருக்கும் பட்டையில் சிராய் பெயரும். கட்டையைத் திருப்பிப் போட்டால் அப்படியே எதிர்மாறு. அலகைத் தீட்டுவதால் மட்டும் இது தீராது.

தீர்த்துவைத்தது அலகின் மேல் உட்காரும் மூடித்தகடு. அதன் நுனிக்கும் அலகின் கூருக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இருக்கக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை அளவு இரும்பு மின்னினால் போதும். தகட்டின் முன்விளிம்பை 50 பாகைக்கு மேல் சரித்துத் தேய்த்துக்கொண்டேன். நார் பெயர்ந்து எழுவதற்குள் தகடு சீவலை மடக்கி அமுக்கிவிடுகிறது. சீவல் வளையம் வளையமாகச் சுருண்டு விழுந்தால் தகடு இன்னும் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். நேராக நிமிர்ந்து வந்தால் சரி. நெளிநெளியாக நசுங்கி வந்தால் ரொம்ப நெருங்கிவிட்டது. தகடு அலகோடு இடைவெளி இல்லாமல் படியவும் வேண்டும், இல்லாவிட்டால் தூள் போய் அடைத்துக்கொள்ளும். மெஷின் வைத்துத் தேய்த்துவிடச் சொல்கிறவர்கள் இந்த மரத்தின் வரியோட்டத்தைப் பக்கத்தில் வந்து பார்க்க வேண்டும். தேய்த்தால் அது மங்கிப்போகும்.

மரம், காரைக்குடியில் பழைய வீடு பிரித்த சாமான் விற்கும் கடையில் எடுத்தது. அங்கே பர்மா தேக்குக்குத்தான் கூட்டம். நிலைக்கு எனக்கு வேங்கைதான் பிடிக்கும். தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ வாக்கில் என்றால் இது 800 வரும், வைரத்தை, அதாவது நடுவில் முற்றிய பாகத்தை, கரையான் லேசில் தொடாது. அதைச் சுற்றி வெளிப்பக்கம் வெளிறிய வெள்ளை இருந்தால் சீவி எறிந்துவிட வேண்டும். பழைய கட்டை என்பதால் முறுக்கெல்லாம் எப்போதோ அடங்கிவிட்டது. ஆனால் முறிந்த ஆணி உள்ளே கிடக்கும், காந்தம் வைத்துத் தடவாமல் உளியை வைக்காதீர்கள். ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். வேங்கையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படித்தான். அதனால் திருகாணி எல்லாம் பித்தளை.

இன்னொன்று, சாயம். வேங்கை மரத்தில் கடைந்த குவளையில் ஊற்றிவைத்த தண்ணீர் நிறம் மாறுகிறதே, அதே சாறு மழைக்காலத்தில் சுண்ணாம்புச் சுவரில் மஞ்சளாக இறங்கும். சுவரில் பதிகிற பக்கத்துக்குத் தார் இரண்டு கை பூசப்போகிறேன்.

நிலைச் சட்டங்களைக் கோக்கும் கழுந்து இன்னும் வெட்டவில்லை. அதற்குள் ஜன்னல் கதவுக்குத் தேக்குப் பலகை பார்த்து வைத்தாயிற்று. தேக்கில் மணல்சத்து உண்டு, அலகு சீக்கிரம் மழுங்கும், மரத்தில் உள்ள எண்ணெயால் பசை சரியாக ஒட்டாது. ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரில் துடைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.