நார்வேயில் கையைக் கடிக்காமல் ஊர் சுற்ற

நார்வேயில் எது விலை, எது மலிவு என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நமக்காக இன்னொருவர் வேலை செய்தால் விலை. ஓட்டல் சாப்பாடு, டாக்சி, ரூம் மூன்றிலும் அவர்கள் சம்பளம்தான் பில்லாக வருகிறது. தரையும் தண்ணீரும் காசில்லாமல் கிடைக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பாட்டில் தண்ணீர் வாங்குவது வெட்டிச் செலவு.

படுக்கை விஷயத்தில்தான் பெரிய மிச்சம். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிர் செய்யாத திறந்தவெளியில் யார் வேண்டுமானாலும் கூடாரம் போடலாம். ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், அதாவது சுமார் 200 தப்படி. ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால், ஆளில்லாத உயர் மலைப்பகுதி தவிர, நில உரிமையாளரிடம் கேட்க வேண்டும். புதிதாக வருபவர்கள் ஏமாறுவது சமதரையில்தான். பச்சைப்பசேலென்று மட்டமாக இருந்தால் அது மாட்டுத்தீவனப் புல் வளர்க்கும் வயலாக இருக்கும், இல்லையென்றால் சதுப்பு. வயலில் படுக்க அனுமதியில்லை. சதுப்பா என்று பார்க்கக் குதிகாலை அழுத்துங்கள். பள்ளத்தில் நீர் ஊறினால் நடையைக் கட்டுங்கள். ராத்திரியில் முளைக்குச்சி தானாகக் கழன்றுவிடும்.

தூங்கும் பையின் லேபிளில் மூன்று வெப்பநிலை போட்டிருக்கும். கம்ஃபர்ட் என்பதை மட்டும் பாருங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் அளவு, தூக்கம் வரும் அளவல்ல. ஜூலையிலும் மலையில் இரவு 5 டிகிரிக்கு இறங்கும்.

ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டத் தடை. அடுப்பைக்கூட வெறும் பாறைமேல் வைத்தே பற்றவையுங்கள். கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. இறங்கியபின் விளையாட்டுச் சாமான் கடையில் மரை உள்ள 230 கிராம் குப்பி வாங்கலாம். காலை ஓட்ஸ், இரவு நூடுல்ஸ் என்று சமைத்தால் ஒருவருக்குச் சுமார் ஒரு வாரம் வரும்.

மளிகைக்கு ரெமா 1000, கிவி, எக்ஸ்ட்ரா என்ற மூன்று மலிவுக் கடைகளும் போதும். விலைச்சீட்டில் மூலையில் சின்னதாக இருக்கும் கிலோ விலையைப் படியுங்கள். பெரிய எழுத்தில் உள்ளது கண்ணைக் கட்டும். கிவியில் ஃபர்ஸ்ட் பிரைஸ், எக்ஸ்ட்ராவில் எக்ஸ்ட்ரா என்றே பெயர் உள்ள மலிவு ரகம். ஓட்ஸ், மொறுமொறு ரொட்டி, தக்காளிச் சாற்றில் போட்ட கானாங்கெளுத்தி டின், இவைதான் நாள்கணக்கில் தாங்கும். கானாங்கெளுத்தியில் மிளகாய்த்தூள் தூவினால் நம் நாக்குக்கு ஒத்துவரும். ஆஸ்லோவில் குரோன்லாந்து பகுதிக் கடைகளில் மசாலாவும் காய்கறியும் கிடைக்கும். ஈழத்தமிழர் நிறைய வாழும் ஊர், கறித்தூளுக்குப் பஞ்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பூட்டு. திறந்திருக்கும் குட்டிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் விலை எகிறும். சனிக்கிழமையே இரண்டு நாளுக்கு வாங்கிவிடுங்கள். காலி பாட்டில், கேன்களை எறியாதீர்கள்: கடை வாசல் எந்திரத்தில் போட்டால் சிறியதற்கு 2, பெரியதற்கு 3 குரோனர் (நார்வே நாணயம்) திரும்பக் கிடைக்கும். பச்சைப் பொத்தானை அழுத்தி வரும் சீட்டைக் காசாளரிடம் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே நன்கொடைப் பொத்தானும் இருக்கும், அவசரத்தில் அதை அமுக்கினால் காசு போச்சு.

ரயிலில் ஒரே பெட்டிக்குப் பல விலை. ஆஸ்லோ–பெர்கன் சுமார் ஏழு மணி நேரப் பயணம். மலிவு டிக்கெட் குறைந்த எண்ணிக்கையில்தான், முன்கூட்டியே போட்டால்தான் கிடைக்கும். ஆனால் அதை மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ முடியாது என்பதால், மழை பார்த்துத் திட்டம் மாற்றுபவர்களுக்கு அது சரிப்படாது.

லொஃபோட்டன் தீவுகளுக்கு பூடோவிலிருந்து மொஸ்கெனெஸ் போகும், கார்களையும் ஏற்றிச் செல்லும் படகில் நடந்து ஏறுபவருக்குக் கட்டணமில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படகு. ஏறும் முன் பூடோவிலேயே மளிகை வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கியதும் கரையோரப் பலகைகளைப் படியுங்கள்: கூட்டம் பெருகியதால் அங்கே பல இடங்களில் கூடாரத்துக்கு உள்ளூர்த் தடை இருக்கிறது, 150 மீட்டர் கணக்கு அங்கே செல்லாது.