சித்தப்பாவின் காரும் டிக்கியில் இருந்த ஆம்பும்

12 அக்டோபர் 2024, சனி

குலசேகரத்திலிருந்து சித்தப்பா மழையோடு வந்து இறங்கினார். காரோடு வந்த கம்பெனி மியூசிக் செட் பாடிக்கொண்டுதான் இருந்தது, டிஸ்பிளேதான் செத்துப் போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஒரு கடையில் 7 அங்குல டச் ஸ்கிரீன் செட் மாட்டியிருக்கிறார். ஸ்கிரீன் பளபளக்கிறது, மேப் வருகிறது, பாட்டு ஓடுவதாகக் கோடும் நகர்கிறது. சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கர் நாலும் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்களாம்.

“காலையில பாடுன ஸ்பீக்கர் நாலும் சாயங்காலம் ஒண்ணா எப்படி மக்கா போவும்?” என்றார். சரியான கேள்வி.

13 அக்டோபர், ஞாயிறு

புது செட்டின் பின்னால் போகும் ஸ்பீக்கர் வயர்களில் மீட்டர் வைத்தேன். 4 ஓம் ஸ்பீக்கர் நேராக இணைந்திருந்தால் மூன்றரை ஓம் பக்கம் காட்டும். இங்கே ஆயிரக்கணக்கில் காட்டியது. அப்படியென்றால் அந்த முனையில் இருப்பது ஸ்பீக்கர் இல்லை, ஆம்ப், அதாவது செட்டின் சிக்னலைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டி.

டிக்கியைத் திறந்தால் ரப்பர் ஒட்டுபால் நாற்றம். மூட்டையை எடுத்த பிறகும் அது போகாது. இடது பக்கம் கார்ப்பெட்டை உரித்தபோது உள்ளே அலுமினியப் பெட்டி, துருகூட இல்லாமல். அதன் அவுட்புட் சாக்கெட்டைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒவ்வொரு ஜோடி வயரிலும் ஒரு கணம் தொட்டேன். டக். முன் கதவு இரண்டும் பின் கதவு இரண்டும் பதில் சொல்லின. ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாகர்கோவிலில் இதே வேலை செய்யும் கூட்டாளி போனில், “ஆம்பைத் தூக்கிப் போட்டுட்டு நேரா ஸ்பீக்கருக்குக் குடுலே, தீந்துச்சு” என்றான். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மீட்டரில் இந்த ஸ்பீக்கர்கள் 2 ஓம் ரகம் என்று தெரிந்தது. புது செட்டுக்கு 4 ஓமுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. சூடாகி, பாட்டு நடுவில் அணைந்து அணைந்து எரியும், கடைசியில் செட்டுக்குள் இருக்கும் ஐசி சிப் போகும். புது செட் வந்த பெட்டியில் 50 வாட் × 4 என்று அச்சிட்டிருப்பதும் உச்ச அளவுதான், தொடர்ந்து வருவது 20 வாட் பக்கம். நல்ல ஆம்ப் ஒன்று சும்மா கிடக்க இதை ஏன் வதைக்க வேண்டும்?

14 அக்டோபர், திங்கள்

மழை. கரண்டும் இல்லை.

15 அக்டோபர், செவ்வாய்

சத்தம் வராததற்குக் காரணம் ஒரே ஒரு வயர். ஆம்புக்கு பேட்டரி கரண்ட் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். செட்டை ஆன் செய்ததும் ரிமோட் வயரில் 12 வோல்ட் வந்தால்தான் அது விழிக்கும். புது செட்டில் அது நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர். கடையில் அதை டேப் சுற்றி மடித்து விட்டிருந்தார்கள். பக்கத்திலேயே வெறும் நீல வயர் உண்டு, அது ஆன்டெனாவுக்கு. அவசரத்தில் அதில் கொடுத்தால் சில செட்களில் ரேடியோ போடும்போது மட்டும் சத்தம் வரும், புளூடூத் போட்டால் ஆம்ப் தூங்கிவிடும்.

வெள்ளைக் கோட்டைச் சேர்த்ததும் நாலு கதவிலும் ‘தப்’ என்று ஒரு சின்னச் சத்தம். அப்புறம் பாட்டு, ஆனால் காது கிழிகிற மாதிரி. செட்டின் ஸ்பீக்கர் அவுட்டையே ஆம்பின் இன்புட்டில் கொடுத்திருந்தார்கள். இந்த ஆம்ப் எதிர்பார்ப்பது சின்ன சிக்னல். அதனால் செட்டின் பின்னால் சின்ன சிக்னல் தரும் ஆர்சிஏ சாக்கெட்களிலிருந்து, முன் ஜோடி பின் ஜோடி தனித்தனியாக, கேபிள் போட்டேன். ஒரே ஜோடி உள்ள மலிவு செட் வாங்கியிருந்தால் ஃபேடர், அதாவது முன் பின் சத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி, போயிருக்கும்.

கம்பெனி சாக்கெட்டில் ஒரு வயரைக்கூட வெட்டவில்லை. அந்த மாடலுக்கான அடாப்டர் கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை.

18 அக்டோபர், வெள்ளி

எஞ்சின் போட்டால் ‘ஙீ’ என்று ஒரு ஊளை. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஏறுகிறது. ஆல்டர்னேட்டர் சத்தம், எர்த் வழியாக வருவது. ஆர்சிஏவின் வெளிச்சுற்று எர்த்தில் நிற்கிறது. கம்பெனி ஆம்போ பிளஸ், மைனஸ் இரண்டையும் சிக்னலாகவே வாங்குகிறது, எர்த்தில் தொடாமல். நடுவில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டரை ஜோடிக்கு ஒன்றாக மாட்டினேன். ஊளை நின்றது. காதை ஸ்பீக்கரில் வைத்தால் லேசான இரைச்சல் இருக்கிறது. காரை அப்படி யாரும் ஓட்டப் போவதில்லை.

புது வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து டிக்கியைக் கழற்ற வேண்டாம். பல வண்டிகளில் செட்டும் ஆம்பும் கேன் (CAN) எனும் டேட்டா வயரிலோ ஃபைபரிலோ டிஜிட்டலாகப் பேசிக்கொள்கின்றன. அங்கே 12 வோல்ட் கொடுத்தால் ஒன்றும் நடக்காது, அந்த மாடலுக்கென்று உள்ள இன்டர்ஃபேஸ் பெட்டிதான் வழி.

20 அக்டோபர், ஞாயிறு

“எல்லாம் சரி, நாகர்கோவில் ஸ்டேஷன் எடுக்கலியே?” சித்தப்பாவுக்கு 101 எஃப்எம் இல்லாமல் முடியாது. 1984-இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக அது தொடங்கியதைப் பெருமையாகச் சொல்வார். போட்டால் கரகரப்பு, திருவனந்தபுரத்தின் 101.9 கூட மங்கலாகத்தான் வந்தது. பின் கண்ணாடியில் உள்ள ஆன்டெனாவுக்குத் தனி பூஸ்டர் இருக்கிறது, பழைய செட் அதற்கு கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. வெறும் நீல வயரை ஆன்டெனா அடாப்டரில் சேர்த்தேன். இரண்டும் தெளிவாக வருகின்றன.

பழைய செட்டைத் தூக்கிப் போடச் சொன்னார். விடவில்லை. துணியில் சுற்றிப் பரணில் வைக்கக் கொடுத்தேன். நாளைக்கு வண்டியை விற்கும்போது புது செட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இதைச் சாக்கெட்டில் செருகிவிட்டால் போதும்.