தலையிலிருந்தே நீளும் கால்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போவோரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) என் தங்கையின் நான்கு வயது மகள் வரைந்த படத்தில், ஒரு பெரிய வட்டத்திலிருந்து நேராக இரண்டு கால்கள் இறங்குகின்றன, உடலே இல்லை. மூன்று, நான்கு வயதில் பிள்ளைகள் பலர் மனிதரை இப்படித்தான் வரைவார்கள் என்பதால், அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. உச்சியிலிருந்து பின்னால் தொங்கும் கோடுகளை என் தங்கை மழை என்றாள், அம்மா கூந்தல் என்றார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகும் அம்மாயி என்றே எனக்குத் தோன்றியது.

பிள்ளையோ முதல் நாள் “அம்மாயி” என்றாள், மறுநாள் “பஸ்” என்றாள். அது பொய்யன்று. சிறு பிள்ளைகள் முதலில் கோடுகளை இழுத்துவிட்டு, பிறகே அவற்றில் ஒரு சாயலைக் கண்டு பெயரிடுவதும் உண்டு என்று பிரெஞ்சு ஆய்வாளர் ஜார்ஜ்-ஆன்ரி லுக்கே 1927இலேயே விளக்கியிருக்கிறார்.

கறுப்பு நிறத்தைக் கண்டவுடன் பிள்ளையின் மனத்தில் பயம் இருப்பதாகத் தீர்ப்புச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை; பெட்டியில் மிஞ்சியிருந்த கிரேயான் துண்டு அந்த நிறமாக இருந்திருக்கலாம். ஆகவே “இது என்ன?” என்று கேட்பதை விட்டு, “இதைப் பற்றிச் சொல்லு, கண்ணு” என்று கேட்டு, அவள் சொல்வதை அப்படியே படத்தின் பின்புறம் திகதியுடன் எழுதி வைக்கிறோம்.