வாடகை வீட்டுக்கு எந்த இன்டர்நெட்?

"மாமா, கையில வச்சிக்கிற வைஃபை டிவைஸ் ஒண்ணு வாங்கிட்டா போதுமா, இல்ல ஃபைபர் போடணுமா?" பெருங்குடியில் வேலைக்குச் சேர்ந்து நண்பர்களோடு வீடு எடுத்திருக்கும் அக்கா பையன் கேட்டது. டிவைஸ் என்றால் சிம் போட்டு செல்போன் டவரிலிருந்து நெட் எடுப்பது, ஃபைபர் என்றால் வீட்டுக்கு இழுக்கும் கண்ணாடி இழை ஒயர். சென்னையில் வீடு மாறும் எல்லோரும் கேட்பதுதான். கேட்டவுடனே பேச்சு ஸ்பீடுக்குப் போய்விடும், 100 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ் என்று. நான் அவனிடம் திருப்பிக் கேட்டது வேறு. ஹவுஸ் ஓனர் சுவரில் ஓட்டை போட விடுவாரா? எத்தனை பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போகிறீர்கள்? இந்த இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

குடும்பமாக இருக்கிற வீடு, இரண்டு பேராவது வீட்டிலிருந்து வேலை அல்லது படிப்பு என்றால் ஒயர்தான் என்பது என் கட்சி. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனியாக இருக்கிறவர், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிஜி மாறுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்கிறவர், இவர்களுக்குக் கையடக்க டிவைஸ் சரி. "அதெல்லாம் ஒரு நெட்டா" என்று அவர்களைக் கேலி செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2 பெட்டியோடு வீடு மாறுகிறவரிடம் போய் இன்ஸ்டாலேஷன் சார்ஜ், ஆறு மாத அட்வான்ஸ் ரென்டல் என்றால் என்ன நியாயம்?

குடும்பத்துக்கு ஏன் ஒயர் என்றால், டவர் அந்தப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் பொது. ஃபைபரிலும் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. வீடுகளுக்கு வரும் ஜிபான் முறையில் ஒரே இழையைப் பிரித்து வழக்கமாக 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து இறங்குகிற வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ். ஆனால் அந்த இழையில் இருப்பது அந்த வீடுகள் மட்டும்தான், மேட்ச் நடக்கிறது என்பதற்காக அதில் புதிதாக ஆயிரம் பேர் வந்து ஏறிவிட முடியாது. டவரில் ஏறுவார்கள். காலை 6 மணிக்குப் பறக்கிற அதே டிவைஸ் ராத்திரி 9 மணிக்குச் சுற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான், டிவைஸில் கோளாறு ஒன்றும் கிடையாது.

அப்புறம் அப்லோடு. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மீட்டிங்கில் நம் முகம் உறைந்து போவதற்கும், டியூஷன் டீச்சரின் குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்கும் பெரும்பாலும் காரணம் மேலே ஏறுகிற வேகம். 5ஜியில் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் நேரத்தைப் பங்கு போட்டு இறக்குவதும் ஏற்றுவதும் நடக்கிறது, அதில் பெரும் பங்கு இறக்குவதற்கே போய்விடும். டவர் பல வாட் சக்தியில் அனுப்புகிறது, நம் கையில் இருக்கும் டிவைஸ் அனுப்புவது சுமார் 0.2 வாட். அது கான்கிரீட் சுவரைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் வீட்டில் முன்னறை ஜன்னலோரம் டிவைஸை வைத்தால் சிக்னல் 4 கோடு காட்டும், உள்ளறையில் பீரோவை ஒட்டி வைத்தால் 1 கோடு. ஃபைபரில் பல பிளான்களில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேகம். என் மனைவி வீட்டிலிருந்து கிளாஸ் எடுக்கிறார், அவருக்கு இந்த ஒரு விஷயம்தான் முக்கியம், மற்ற எந்த நம்பரையும் அவர் கேட்டதே இல்லை.

டேட்டா கணக்கும் இருக்கிறது. ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. ஒரு நாளைக்கு 2 ஜிபி சிம்மை டிவைஸில் போட்டுவிட்டு நாலு பேர் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 2005-ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தபோது 256 கேபிபிஎஸ்தான். பின்னால் வந்த ஒரு பிளானில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை கணக்கில்லை என்பதால், அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்ட தலைமுறை நாங்கள். அந்தக் கஷ்டத்தை இன்றைக்குப் பிள்ளைகள் படவேண்டியதில்லை.

சரி, ஒயருக்கு வருவோம். சென்னையில் ஃபைபர் என்றால் பூமிக்கடியில் பத்திரமாக வருகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு, மாடியிலிருந்து மாடிக்கு, நடுவில் வேப்பமரக் கிளையில் சாய்ந்து வருகிறது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று மரங்கள் விழுந்தபோது கேபிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் விழுந்தன. இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கும் மழைநீர் வடிகாலுக்கும் தோண்டுகிறார்கள், தோண்டட்டும், ஆனால் ஜேசிபி வந்த தெருவில் மோடத்தில் சிவப்பு லைட் எரியும். போன மழையில் எங்கள் லைன் போனபோது வந்த தம்பி மோடத்திலிருந்து ஒயரைக் கழற்றி வெளிச்சத்தின் பலத்தை அளக்கிற ஒரு சின்ன மீட்டரில் செருகிப் பார்த்தார். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு. "அண்ணே, மைனஸ் 31 காட்டுது. 27-க்குள்ள இருந்தாதான் மோடம் எடுக்கும். ஒயர் அறுந்திருந்தா ஒண்ணுமே வராது, இது எங்கயோ மடிஞ்சிருக்கு." அவர் சொன்ன மாதிரியே, பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் யாரோ பூந்தொட்டியை ஒயர் மேலேயே வைத்திருந்தார்கள். கண்ணாடி இழை, மடங்கினால் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். தொட்டியை நகர்த்தி ஒயரை நிமிர்த்திவிட்டு வந்து பார்த்தால் மைனஸ் 22. இந்தத் தம்பிகள் மழையில் ஏணியோடு அலைகிறார்கள், கம்பெனி மேல் இருக்கும் கோபத்தை அவர்கள் மேல் காட்டாதீர்கள்.

ஒயர் வேண்டும் என்றாலும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, அதற்கு முக்கியக் காரணம் ஹவுஸ் ஓனர்கள். "பெயின்ட் போயிடும், டிரில் போடக்கூடாது." சில அபார்ட்மென்டில் ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் அனுமதி, வேறு கேபிள்காரர் கேட்டைத் தாண்ட முடியாது. இதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருகிறது. தண்ணீர், கரண்ட் மாதிரி இன்றைக்கு இதுவும் வீட்டுக்குத் தேவையானது, ஒரு விரல் தடிமன்கூட வராத ஒயருக்கு எதற்கு இவ்வளவு தடை? கட்டடங்களில் நெட் வசதி எப்படி இருக்கிறது என்று ரேட்டிங் கொடுக்கும் விதிமுறையை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டவர்கள் வாங்கலாம் என்பதுதான் குறை. அது கட்டாயமாகும் வரை, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நெட் ஒயருக்கு அனுமதி உண்டா என்று கேட்டு, அக்ரிமென்டில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏசி குழாய்க்காகப் போட்ட ஓட்டை ஏற்கெனவே இருந்தால் அது வழியாகவே கொண்டுவந்துவிடலாம், டிரில்லே வேண்டாம்.

நடுவில் ஒன்று இருக்கிறது, ஏர்ஃபைபர். 2023 செப்டம்பரில் ஜியோ ஆரம்பித்த 8 நகரங்களில் சென்னையும் ஒன்று. மொட்டை மாடியில் ஒரு பெட்டி, டவரிலிருந்து 5ஜி, அங்கிருந்து வீட்டுக்குள் ஒயர். பெட்டி வெளியே இருப்பதால் சுவர்ப் பிரச்சினை குறையும், ஆனால் டவர் டவர்தான், ராத்திரி 9 மணி அதற்கும் வரும். ஃபைபர் வராத தெருவுக்கு நல்லது, வருகிற தெருவில் இதை நான் சொல்ல மாட்டேன்.

கரண்ட் போனால்? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, ஃபைபரும் இல்லை, பல இடங்களில் டவரும் படுத்துவிட்டது. அந்த அளவு வெள்ளத்துக்கு எந்த ஏற்பாடும் நிற்காது. ஆனால் சாதாரணமாக இரண்டு மணி நேரம் கரண்ட் போவதற்கு வழி இருக்கிறது. மோடத்துக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கையடக்க டிவைஸில் பேட்டரி உள்ளேயே இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் பெரிய பலமே இதுதான்.

அதனால் ஃபைபர் போட்டவர்களும் டிவைஸ் ஒன்றையோ போனில் இரண்டாவது சிம்மையோ கைவசம் வைத்திருங்கள். ஃபைபர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி சிம் வேண்டாம், அங்கே பெரிய கேபிள் ஒன்று போனால் இரண்டும் சேர்ந்தே போகலாம். எந்த சிம் என்று விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பக்கத்து வீட்டில், கீழ் வீட்டில் யார் யார் எந்த சிம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, ராத்திரி 9 மணிக்கு உங்கள் வீட்டு உள்ளறையில் அவர்கள் போனில் அப்லோடு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 5 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வந்தால் அந்த சிம்மையே வாங்குங்கள்.