ஆஸ்திரேலியா மூடிய எண்ணெய் ஆலைகள்

ஓர் ஊரில் அரிசி ஆலை மூடப்பட்டால் அங்கே அரிசி விலை ஏறும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். மெல்பர்னின் மேற்கே ஆல்டோனாவில் 1949 முதல் இயங்கிவந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மூடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டபோது, அதே மேற்குப் புறநகரில் குடியிருக்கும் நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆனால் அந்த மூடலால் பெட்ரோல் விலை ஏறவில்லை, ஏறவும் வழியில்லை. ஆஸ்திரேலியாவில் பெட்ரோலின் மொத்த விற்பனை விலை நெடுங்காலமாகச் சிங்கப்பூர்ச் சந்தை விலையோடு கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. உள்ளூரில் காய்ச்சி வடித்த பெட்ரோலுக்கும் கடல் கடந்து வந்த பெட்ரோலுக்கும் ஒரே விலை என்னும்போது, உள்ளூர் ஆலை இருப்பதும் இல்லாததும் வாங்குகிறவருடைய பணப்பையில் தெரிவதில்லை. இருபது ஆண்டுகளுக்குள் எட்டு ஆலைகளில் ஆறு மூடப்பட்டும் இந்நாட்டில் பெரிய எதிர்ப்பு எதுவும் எழாததற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் இந்த ஆலைகள் விலையைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்டவையும் அல்ல. முதல் உலகப் போர் முடிந்ததும், எரிபொருளுக்கு அந்நியரை நம்பியிருக்கும் நிலையைக் கண்டு அஞ்சிய பிரதமர் பில்லி ஹியூஸ், 1920-இல் ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி பெரும்பான்மைப் பங்குகளை அரசே வைத்திருந்த காமன்வெல்த் ஆயில் ரிஃபைனரீஸ் உருவாகி, 1924-இல் மெல்பர்னுக்கு அருகே லாவெர்டனில் ஓர் ஆலையைத் திறந்தது. 1952-இல் ராபர்ட் மென்சீஸின் அரசு தன் பங்கை அதே கூட்டாளி நிறுவனத்திடம் விற்றுவிட்டது. எண்ணெய்த் தொழிலில் அரசு நேரடியாக ஈடுபட்டிருந்த காலம் அத்துடன் முடிந்தது.

வியப்பு என்னவென்றால், அரசு விலகிய அந்தப் பத்தாண்டில்தான் தனியார் ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1954-இல் கீலாங்கில் ஷெல், 1955-இல் பெர்த்துக்குத் தெற்கே க்வினானாவில் பிபி (முன்பு ஆங்கிலோ-பெர்ஷியன், பிறகு ஆங்கிலோ-ஈரானியன் என்ற பெயர்களில் இருந்த அதே நிறுவனம்), 1956-இல் சிட்னியின் கர்னெலில் கால்டெக்ஸ் என ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்தன. போருக்குப் பின் பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் நாணய வட்டத்தில் இருந்த நாடுகளுக்கு டாலர் பற்றாக்குறை இருந்தது. 1949 தேர்தலில் பெட்ரோல் பங்கீடு ஒரு பெரும் பிரச்சினையாக நின்றது. அந்நிலையில் பெட்ரோலாக வாங்குவதைவிடக் கச்சா எண்ணெயாக வாங்கி இங்கே வடித்தெடுத்தால் அந்நியச் செலாவணி மிச்சமாகும் என்பது ஒரு கணக்கு. மற்றொரு காரணம் ஈரானிலிருந்து வந்தது. 1951-இல் மொசாதெக் ஆட்சி எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியபோது, அன்று உலகிலேயே மிகப் பெரியதாக இருந்த அபாதான் ஆலை ஆங்கிலோ-ஈரானியனின் கையைவிட்டுப் போனது. எண்ணெய் ஊறும் இடத்தில் ஆலையை வைத்தால் ஒரே நாளில் அதை இழக்க நேரிடும் என்று கண்ட நிறுவனங்கள், எண்ணெயை வாங்கும் நாட்டில் ஆலையை வைப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வந்தன. க்வினானா அந்தப் பாடத்தின் நேரடி விளைவு.

1960-களில் அடிலெய்டுக்கு அருகே போர்ட் ஸ்டான்வாக், பிரிஸ்பேனில் புல்வர் தீவு, லிட்டன் ஆகிய இடங்களிலும் ஆலைகள் வந்தன. 1967-இல் விக்டோரியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையிலுள்ள பாஸ் நீரிணையில் கிங்ஃபிஷ் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது தொழிலுக்குப் பெரும் பலத்தைக் கொடுத்தது. கந்தகம் குறைந்த, இலேசான அந்த எண்ணெய் பெட்ரோல் எடுப்பதற்கு மிகவும் ஏற்றது. 1980-களின் நடுவில் நாட்டின் தேவையில் பெரும்பகுதியைப் பாஸ் நீரிணை எண்ணெயே ஈடுசெய்தது. உள்நாட்டு எண்ணெயை ஆலைகளுக்குப் பங்கிட்டு, அதை அவை எடுத்தே தீர வேண்டும் என்று அரசு விதித்திருந்ததால் போட்டியின் வெப்பம் அவற்றை அவ்வளவாகத் தாக்கவில்லை. 1988-இல் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பாஸ் நீரிணையின் ஊற்றும் அதன் பின் மெல்ல வற்றத் தொடங்கியது. மேற்குக் கரைக்கு அப்பால் கிடைத்த புதிய எண்ணெயில் பெரும்பகுதி ஆசியாவுக்குக் கப்பலேற, கிழக்குக் கரை ஆலைகள் வெளிநாட்டுக் கச்சா எண்ணெயை மேலும் மேலும் நம்ப வேண்டியதாயிற்று.

கச்சா எண்ணெய் குறைந்ததால்தான் ஆலைகள் நலிந்தன என்று பலரும் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. சொந்தமாகச் சொல்லிக்கொள்ளும்படியான எண்ணெய் ஊற்று எதுவுமில்லாத தென்கொரியாவும் சிங்கப்பூரும்தான் இன்று ஆஸ்திரேலியாவுக்கு எரிபொருள் விற்கும் முன்னணி நாடுகளுள் இருக்கின்றன. வேறுபாடு ஆலையின் அளவில் இருக்கிறது. இங்கிருந்த ஆலை ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஏறத்தாழ எண்பதாயிரம் முதல் ஒன்றரை லட்சம் பீப்பாய் வரை வடிப்பது. குஜராத்தின் ஜாம்நகரில் ரிலையன்ஸ் நடத்தும் ஆலைத்தொகுதி மட்டும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு லட்சம் பீப்பாய்க்கு மேல் வடிக்கும் திறன் கொண்டது. ஆஸ்திரேலியாவின் எட்டு ஆலைகளையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. மலிவான கனரக எண்ணெயையும் பிளந்து உயர்தர டீசலாக்கும் சாதனங்களைப் பேராலைகள் வைத்துக்கொள்ள முடியும். பெட்ரோலை மையமாக வைத்து அமைக்கப்பட்ட இங்கத்தியச் சிற்றாலைகளோ, சுரங்கங்களும் சரக்குந்துகளும் டீசலை மேலும் மேலும் கேட்ட காலத்தில் தடுமாறின. 2011 முதல் 2013 வரை ஆஸ்திரேலிய டாலர் பெரும்பாலும் அமெரிக்க டாலருக்கு மேலேயே நின்றது. வருமானம் அமெரிக்க டாலரிலும் செலவு ஆஸ்திரேலிய டாலரிலுமாக அமைந்த தொழிலுக்கு அது பெரும் சுமை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலையை முழுவதுமாக நிறுத்திச் செய்ய வேண்டிய பெரும் பழுதுபார்ப்புக்குப் பணம் போடும் நேரம் வரும்போது, தலைமையகத்தில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பார்கள்.

போர்ட் ஸ்டான்வாக் 2003-இல் நிறுத்தப்பட்டது. 2012-இல் சிட்னியின் கிளைட், 2014-இல் கர்னெல், 2015-இல் புல்வர் தீவு, 2021-இல் க்வினானா, பிறகு ஆல்டோனா. இவற்றுள் பலவும் இறக்குமதி முனையங்களாக மாற்றப்பட்டன. க்வினானாவில் சுமார் 650 பேர் வேலை செய்த இடத்தில் முனையத்துக்கு 60 பேர் போதும் என்று அறிவிக்கப்பட்டது.

எரிபொருளை இறக்குமதி செய்யும் நாட்டில் கையிருப்பாவது நிறைய இருக்க வேண்டும் அல்லவா? பன்னாட்டு எரிசக்தி முகமையின் உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு இணையான எண்ணெயை இருப்பு வைக்க வேண்டும் என்பது விதி. 2012 முதல் ஆஸ்திரேலியா அதை நிறைவேற்றத் தவறியது. 2020 ஏப்ரலில் எண்ணெய் விலை வீழ்ந்தபோது அரசு 94 மில்லியன் டாலருக்கு எண்ணெய் வாங்கியது. ஆனால் அதை வைத்த இடம் அமெரிக்காவின் உப்புக் குகைகள். நாட்டின் சுமார் இரண்டு நாள் தேவைக்கு மேல் வராத அந்த எண்ணெய், ஒரு பெருங்கடலுக்கு அப்பால் கிடந்தது. அதை எரிபொருள் பாதுகாப்பு என்று எப்படி அழைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அடுத்த ஆண்டே நிலைப்பாடு மாறியது. எஞ்சியிருக்கும் கீலாங், லிட்டன் ஆலைகளுக்கு 2030 வரை 2.3 பில்லியன் டாலர் வரை வழங்க 2021 மே மாதம் அரசு முன்வந்தது. அன்று அறிவிக்கப்பட்ட விதிப்படி, ஆலையின் லாப அளவு பீப்பாய்க்கு 10.20 டாலருக்கு மேல் இருந்தால் உதவி இல்லை, அது 7.30 டாலராகச் சரிந்தால் லிட்டருக்கு 1.8 சென்ட் வரை கிடைக்கும் என்றிருந்தது. அதற்கு ஈடாக ஆலைகள் 2027 நடுப்பகுதி வரையேனும் இயங்க ஒப்புக்கொண்டன. 2022-இல் உக்ரைன் போரால் உலகெங்கும் சுத்திகரிப்பு லாபம் எகிறியபோது இவ்விரு ஆலைகளும் அரசின் உதவியின்றியே நன்கு சம்பாதித்தன. முந்தைய ஆண்டு மூடப்பட்ட க்வினானாவும் ஆல்டோனாவும் அந்த லாபத்தைக் காணவில்லை. சுத்திகரிப்பு லாபம் இப்படி ஏறி இறங்கும் இயல்புடையது. அதன் இறக்கத்தை மட்டும் வைத்து ஓர் ஆலையை மூடும் முடிவை எடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் நாட்டுக்கு ஆலை வேண்டுமா என்பதை 1920-இல் அரசு தானே கேட்டு, தானே விடை சொன்னது. இரண்டே ஆலைகள் எஞ்சும் வரை அந்தக் கேள்வியை நிறுவனங்களின் தலைமையகங்களிடம் விட்டுவைத்ததுதான் பிற்கால அரசுகளின் பிழை.